கிரேனுக்கு ஒரு மாப்பிள்ளை

அந்தக் குடும்பத்தில் யாரும் “வை” என்று சொல்ல மாட்டார்கள். அதில் அவர்களுக்கு அப்படியொரு பெருமை.

அடுத்தவர்களுக்கு வீடு மாற்றிக் கொடுப்பது அவர்கள் தொழில். கட்டில், பீரோ, சோபா, சலவை இயந்திரம் என்று ஒரு வீட்டில் இருப்பதையெல்லாம் இறக்கி, லாரியில் ஏற்றி, இன்னொரு வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். வேலையின்போது “தூக்கு” என்பார்கள், “சாய்” என்பார்கள், “திருப்பு” என்பார்கள், கோபம் வந்தால் வேறு சிலதும் சொல்வார்கள். ஆனால் தூக்கிய பொருள் சேர வேண்டிய இடத்தைச் சேரும் முன்னே, “கொஞ்சம் கீழே வை, கை வலிக்குது” என்று சொன்ன ஆள் அந்த வீட்டில் பிறக்கவில்லை. அப்பா சொன்னதில்லை. பெரியண்ணனும் சின்னண்ணனும் சொன்னதில்லை. கடைசிப் பெண் கிரேன் சொல்வாளா என்று கேட்டால், கேட்டவரையே தூக்கி லாரியில் வைத்துவிடுவாள்.

கிரேன் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் முடிக்காத வயதில், அண்ணன்கள் இரண்டு பேரும் லாரிக்குப் பின்னால் நின்று “நீ பிடி, நீ பிடி” என்று வாதாடிக்கொண்டிருந்தபோது, அவள் ஒரு சலவை இயந்திரத்தைக் கட்டிப் பிடித்துத் தனி ஆளாகத் தூக்கி உள்ளே வைத்துவிட்டாள். சின்னண்ணன் அன்றைக்கு வைத்த பெயர் அது. அவன் கேலியாகத்தான் வைத்தான். அவள் பட்டமாக எடுத்துக்கொண்டாள். இப்போது முப்பது தாண்டிவிட்டது. லாரியை அவள்தான் ஓட்டுகிறாள், எந்தச் சாமான் முதலில் ஏற வேண்டும் என்று அவள்தான் முடிவு செய்கிறாள். வாடிக்கையாளர்கள் போன் செய்தால் “கிரேன் மேடம் வருவாங்களா?” என்றுதான் கேட்கிறார்கள்.

ஒருமுறை அப்பாவும் அண்ணன்களுமாக ஒரு குளிர்சாதனப் பெட்டியை மாடிப்படியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போக வேண்டியது இரண்டாவது மாடி. மூன்றாவது மாடி வந்ததும் மூன்று பேருக்குமே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் கேட்க வேண்டுமென்றால் நிற்க வேண்டும், நின்றால் வைக்க வேண்டும், வைக்கலாம் என்று யார் முதலில் சொல்வது? மொட்டை மாடிக் கதவு மூக்கில் இடித்த பிறகுதான் நின்றார்கள். கீழே வீட்டுக்காரர் “ஐயா, எங்க போறீங்க?” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். வேறு குடும்பமாக இருந்தால் இதை வெளியே சொல்ல வெட்கப்படும். இவர்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதலில் சொல்லும் கதையே இதுதான்.

இந்தப் பெருமைக்குக் கொடுக்க வேண்டியதையும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அப்பாவுக்கு இடுப்பு பெல்ட் இல்லாமல் நாற்காலியை விட்டு எழ முடியாது. பெரியண்ணனின் சுண்டுவிரல் ஒரு பியானோவுக்கு அடியில் போய்விட்டு வந்ததிலிருந்து வேறு திசையைப் பார்க்கிறது. அம்மா சாயங்காலமானால் தைலப் புட்டியோடு ஒவ்வொருவர் முதுகாகப் போய்வருவாள். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். சொல்ல மாட்டாள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மனிதர்களைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோட்டுவிடுவார். ஒரு சோபாவின் இரண்டு முனைக்கும் யார் யாரை நிறுத்துவது என்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. அவசரக்காரனை மேல்பக்கம் நிறுத்தக் கூடாது, கீழே இருப்பவனை உருட்டிவிடுவான். சிரிப்பு மூட்டுகிறவனையும் சட்டென்று சிரிக்கிறவனையும் ஒரே சாமானில் கை வைக்க விடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சாமானுக்கு ஒரே ஒரு அதிகாரிதான். “ஒருத்தர் சொல்லணும், ஒருத்தர் கேக்கணும். ரெண்டு பேரும் சொன்னா சாமான் உடையும், ரெண்டு பேரும் கேட்டா சாமான் நகராது” என்பார்.

கல்யாணத்துக்கும் அதே கணக்குத்தான். பெரியண்ணன் அவசரத்தில் பிறந்தவன். அவனுக்கு நிதானமான அண்ணியைப் பார்த்துக் கட்டி வைத்தார். சின்னண்ணன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மூடிக்கொண்டே இருப்பவன். அவனுக்கு வாய் ஓயாத சின்ன அண்ணி. இரண்டு குடித்தனமும் நன்றாகத்தான் ஓடின. அப்பாவின் பெருமைக்குக் கேட்க வேண்டுமா? அவருக்குத் தன் கல்யாணமே முதல் உதாரணம். “நான் சொல்றவன், உங்கம்மா கேக்கறவ. ஒரு நாள் சண்டை வந்திருக்கா?” என்று கேட்பார். அம்மா தைலப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருப்பாள்.

பொருத்தம் சரியா என்று பார்க்க ஒரு பரீட்சையும் வைத்திருந்தார். கிடங்கின் மாடியில் ஒரு மர அலமாரி இருந்தது. மூன்று கதவு, நடுவில் ஆளுயரக் கண்ணாடி, யானைக் கனம். யாரோ ஒரு வாடிக்கையாளர் புது வீட்டு வாசலில் நுழையவில்லை என்று விட்டுப்போனது. அண்ணன்கள் அதற்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எப்படிப் பிடித்தாலும் குற்றம் கண்டுபிடிக்குமாம். அந்த வீட்டில் சம்பந்தம் செய்ய வருகிறவர்கள், தாங்கள் கட்டிக்கொள்ளப் போகிறவரோடு சேர்ந்து மாமியாரை மாடியிலிருந்து கீழே இறக்க வேண்டும். நடுவில் எங்கும் வைக்கக் கூடாது. அண்ணிகள் இரண்டு பேரும் அப்படி இறக்கித்தான் வீட்டுக்குள் வந்தார்கள். மறுபடி அதை மேலே ஏற்றுவது ஆண்பிள்ளைகளின் தலையெழுத்து.

கிரேனுக்கு அப்பா பார்த்து வைத்தது கண்ணாடிக்கடைக்காரரை. கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி போட்டுக் கொடுக்கிறவர். மெல்லிய குரல், மெல்லிய விரல், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவரிடம் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. “எம் பொண்ணு அதிகாரி. அவளுக்குத் தலையாட்டுற ஆள்தான் சரி” என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

கண்ணாடிக்கடைக்காரர் ஒரு சனிக்கிழமை வந்து மாமியாரைத் தூக்கினார். கிரேன் “சாய்ங்க” என்றாள், சாய்த்தார். “இடது பக்கம்” என்றாள், இடது பக்கம் போனார். “மெதுவா” என்றாள், மூச்சைக்கூட மெதுவாக விட்டார். அலமாரி ஒரு கீறல் இல்லாமல் கீழே வந்து சேர்ந்தது. அண்ணன்கள் கைதட்டினார்கள். அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “நான் ஏதாவது தப்பா பண்ணிட்டேனா?” என்று கேட்டார்.

“இல்லைங்க, எல்லாம் சரியாத்தான் பண்ணீங்க” என்றாள் கிரேன். உண்மைதான். ஆனால் அவளுக்கு என்னவோ அலமாரியின் மறுமுனையை ஒரு ஸ்டூல் மேல் வைத்துவிட்டுத் தனியாக இறக்கிய மாதிரிதான் இருந்தது. கால் மணி நேரம் அவரோடு ஒரே பாரத்தைத் தூக்கியும் அவர் கையில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இது நடந்து ஒரு மாதத்துக்குள்தான் அவள் விசிலைச் சந்தித்தாள்.

அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமை கால்பந்துப் போட்டிகளுக்கு நடுவர். தனியாக இருந்தவர் வேறு வீடு மாறினார். கிரேன் லாரியோடு போனபோது மாடிப்படியில் கழுத்தில் விசிலோடு நின்றுகொண்டு, யார் எதைத் தூக்க வேண்டும் என்று அவளுடைய அண்ணன்களுக்கே உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

“சார், இது உங்க மைதானம் இல்ல. கொஞ்சம் ஓரமா நில்லுங்க.”

“என் வீட்டுச் சாமான், நான் சொல்லக் கூடாதா? அந்த சோபாவை அளந்து பாத்துட்டுத் தூக்குங்க. வாசல்ல போகாது.”

“நாங்க கண்ணாலேயே அளப்போம்.”

சோபா வாசலில் சிக்கிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அவர் அவளைப் பார்த்தார். அவள் கதவு நிலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நிலை வச்சவன் தப்பா வச்சிருக்கான்” என்றாள். தப்பு தன்மேல் என்று அவர்கள் வீட்டில் யாரும் ஒப்புக்கொண்டதில்லையே, அவளுக்கு மட்டும் எப்படி வரும்? சோபாவின் கால்களைக் கழற்றித்தான் வெளியே எடுத்தார்கள்.

அடுத்த சண்டை லாரியில். குளிர்சாதனப் பெட்டியை முதலில் ஏற்றச் சொல்லி அவர் அடம்பிடித்தார். கடைசியில் ஏற்றினால்தான் இறக்கும்போது முதலில் வரும், சீக்கிரம் மின்சாரம் கொடுக்கலாம் என்று அவள் சொன்னாள். அவர் லாரியையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள், அண்ணன்கள், தெருவில் போகிறவர்கள் எல்லோர் காதிலும் விழும்படி, “நீங்க சொல்றதுதான் சரி. நான்தான் தப்பா சொல்லிட்டேன்” என்றார். மைதானத்தில் பேசிப் பழகிய குரல், அவருக்கு மெதுவாகப் பேச வராது.

கிரேனுக்குக் கை ஓடவில்லை. ஒரு ஆள் தப்பு என்று சொல்லிவிட்டு, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், அடுத்த பெட்டியைத் தூக்கப் போய்விட்டார். அவர் குறைந்துபோனதாகவும் தெரியவில்லை. அன்று முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே போன் செய்து, “சோபா விஷயம் நீங்க சொன்னதுதான் சரி” என்றாள். “அது அன்னைக்கே தெரியும்” என்றார் அவர். அவள் போனை வைத்துவிட்டாள். அப்புறம் மறுபடி போட்டாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்துவிட்டார். நிஜமாகவே வேடிக்கை என்று நினைத்தார்.

“அந்த விசிலா? அந்த ஆளும் அதிகாரி, நீயும் அதிகாரி. ரெண்டு பேரும் சாயந்திரத்துக்குள்ள சாமானை உடைச்சிடுவீங்க.”

“நாங்க ஒண்ணும் சாமான் இல்லப்பா.”

“சரி, அவர்கிட்ட அப்படி என்னத்தக் கண்ட? சொல்லு கேப்போம்.”

அதற்குத்தான் அவளிடம் பதில் இல்லை. பெரிய அண்ணி அடுக்களையில் தனியாகக் கேட்டாள். சின்ன அண்ணி தானே கேட்டுத் தானே பத்துப் பதில் சொல்லிப் பார்த்தாள்: அழகா, வேலையா, உயரமா, தைரியமா? எதுவும் இல்லை. மனதில் இருப்பதை எடுத்துச் சொல்ல வார்த்தை கிடைக்காமல் கிரேன் முதன்முறையாக முழித்தாள். சதா சண்டை போடும் ஒருவரை நினைத்தால் ஏன் தோள் இரண்டும் லேசாகிறது? அவளுக்கே புரியவில்லை. பதில் இல்லை என்பது அப்பாவுக்குத் தெரிந்துபோனதில் அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“மாமியாரைத் தூக்கிட்டா ஒத்துக்குவீங்களா?” என்றாள்.

“நடுவுல வைக்காம இறக்கிட்டீங்கன்னா மறுபேச்சு கிடையாது. இல்லன்னா கண்ணாடிக்கடைக்காரர். சம்மதமா?”

“சம்மதம்.”

சொன்ன பிறகுதான் வலது மணிக்கட்டு ஞாபகம் வந்தது. மாதக்கணக்கில் அதில் வலி. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்க நேரமாகும். முழுக்கைச் சட்டைக்குள் துணி சுற்றிக் கட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள். கண்ணாடிக்கடைக்காரரோடு அலமாரியை இறக்கிய அன்று இரவெல்லாம் கை விண்விண்ணென்று தெறித்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. கிரேனுக்குக் கை வலிக்கிறது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து விசில் நேராகக் கிடங்குக்கு வந்தார். காலுறையில் இன்னும் புல் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா விதிகளைச் சொன்னார். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டுவிட்டு, “புரிஞ்சுது. வைக்கக் கூடாது, உடைக்கக் கூடாது, வேற யாரும் கை குடுக்கக் கூடாது. சரிதானே?” என்றார். அண்ணன்களும் அண்ணிகளும் அம்மாவும் படிக்குக் கீழே நின்றார்கள். அப்பா நன்றாகப் பார்க்க வேண்டும் என்று மாடியிலேயே நின்றுகொண்டார்.

முதல் தகராறு தூக்குவதற்கு முன்பே வந்துவிட்டது.

“கீழ்ப்பக்கம் நான் பிடிக்கிறேன்” என்றாள் கிரேன். படியில் இறக்கும்போது கீழே நிற்கிறவருக்குத்தான் கனம் அதிகம்.

“நான் பிடிக்கிறேன்.”

“உங்களுக்கு இது பழக்கம் இல்ல.”

“உங்களுக்கு எப்பவும் நீங்கதான் பிடிக்கணும்.” அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தார். “பூவா, தலையா?”

மாடியில் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவர் கணக்குப்படி எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது. நாணயம் விசில் பக்கம் விழுந்தது. அவர் கீழ்ப்பக்கம் போனார்.

தூக்கியதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். “இடது!” என்றாள் அவள். “வலது!” என்றார் அவர். மாமியார் நடுவில் நின்று ஆடியது, கண்ணாடியில் அண்ணன்களின் முகங்கள் ஒருபக்கமாகச் சரிந்தன. பெரிய அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

“நில்லுங்க” என்றார் விசில். “படி திரும்புற இடம் வரைக்கும் நீங்க சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் சொல்றேன். பாதிப் பாதி.”

அவள் ஒரு நொடி யோசித்தாள். “சரி. வலது.”

“அதைத்தானே நானும் சொன்னேன்!”

“இப்ப நான் சொல்றேன், அதான் வித்தியாசம். வலது.”

கீழே சின்னண்ணன் சிரித்துவிட்டான். அவன் சிரித்து யாரும் அதிகம் பார்த்ததில்லை. அலமாரி இறங்க ஆரம்பித்தது. அவள் சொன்னாள், அவர் செய்தார். ஆனால் ஸ்டூல் மாதிரி இல்லை. “இது ரொம்ப வேகம்” என்றார், “இன்னும் கொஞ்சம் உங்க பக்கம் சாயுங்க” என்றார், ஒருமுறை “அது தப்பு” என்றார், அது தப்பாகவும் இருந்தது. மறுமுனையில் ஒரு முழு ஆள் இருப்பது மரத்தின் வழியாகவே அவள் கைக்குத் தெரிந்தது. அப்பாவின் சிரிப்பு நின்றுபோனதைக் கேட்க அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

படி திரும்பும் இடத்துக்கு வந்தார்கள். அங்கேதான் அலமாரியை நிமிர்த்தி, அந்தரத்தில் பிடித்தபடியே திருப்ப வேண்டும். அவளுடைய மணிக்கட்டு அப்போது எரிய ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்னும் பாதிப் படிதான். இந்தப் பாதியைக் கடந்துவிட்டால் இவர் தன்னோடு, கடக்காவிட்டால் கண்ணாடிக்கடைக்காரர். விரல்கள் ஒவ்வொன்றாக மரத்துக்கொண்டு வந்தன.

“வை” என்றார் விசில்.

அவளுக்குக் காதில் விழுந்தது புரியவில்லை. “என்ன?”

“கீழ வைக்கணும். எனக்கு முடியல.”

கிடங்கே கேட்கும்படி சொன்னார். அந்தக் கிடங்கின் சுவர்கள் அந்தச் சொல்லை அதுவரை கேட்டதில்லை. பெரியண்ணன் “ஐயையோ” என்றான். சின்ன அண்ணிக்கே பேச்சு நின்றுவிட்டது.

இன்னும் கொஞ்சம்தான், பிடிங்க, விட்டா எல்லாம் போச்சு என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். வியர்வை வழிந்துகொண்டிருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வெட்கம் மட்டும் மருந்துக்கும் இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிற மாதிரிச் சொல்கிறார் மனிதர், முடியவில்லை என்று. அவளுக்குள் எதுவோ அவிழ்ந்தது.

“எனக்கும் முடியல” என்றாள் கிரேன். “கை போயிடுச்சு. வைங்க.”

இருவரும் சேர்ந்து மாமியாரை மெதுவாகத் தரையில் இறக்கினார்கள். அலமாரி படியின் திருப்பத்தை ஏறக்குறைய முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது. இந்தப் பக்கம் அவளும், படபடவென்று இறங்கி வந்த அப்பாவும். அந்தப் பக்கம் அவரும் மற்ற எல்லோரும்.

“வச்சிட்டீங்க” என்றார் அப்பா, அலமாரிக்கு மேலாக எக்கிப் பார்த்து.

“ஆமாங்க, வச்சிட்டோம்” என்றார் விசில், மூச்சு வாங்கியபடி. “உங்க விதிப்படி தோல்வி. அதுல சந்தேகமே இல்ல.”

அப்பா சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். சாக்குச் சொல்வார்கள், படி குறுகல் என்பார்கள், அலமாரியைக் குறை சொல்வார்கள் என்று எதிர்பார்த்தார். தோல்வி என்று எதிராளியே சொல்லிவிட்டால் மேற்கொண்டு என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குள் அம்மா சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் இருந்த சந்தில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டாள். நேராக மகளின் வலது கையைப் பிடித்து, சட்டைக் கையை மேலே சுருட்டினாள். துணிக்கட்டைச் சுற்றி மணிக்கட்டு பன் மாதிரி வீங்கியிருந்தது.

“எத்தனை நாளா இது?” என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது.

“மாசக்கணக்கா.”

“ஏம்மா சொல்லல?”

“இந்த வீட்டுல யார்கிட்டப்பா சொல்றது?”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அப்பா தாங்கியிருப்பார். அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

“நான் சொன்னேன்” என்றாள் அம்மா. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “கல்யாணம் ஆன முதல் வருஷமே சொன்னேன், பாரத்தை வச்சு எடுங்கன்னு. நீங்க கேக்கல. நான் கேக்கறவன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்க. நான் சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போனவ.”

அண்ணிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா அம்மாவை, பல வருடமாகக் கிடங்கில் கிடந்த ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தவர் போலப் பார்த்தார். அந்த நேரத்தில் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. அலமாரிக்கு அப்பால் நின்றவரைக் கேட்டார்.

“அவ கை வலிக்கிறதைப் பாத்துட்டுத்தானே நீங்க வைக்கச் சொன்னீங்க? அவளுக்காகத்தானே தோத்தீங்க?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அப்பாவே கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வா என்கிறார். பெரியண்ணன் ஆமாம் என்று சொல்லச் சொல்லிக் கண்ணைக்கூடக் காட்டினான்.

விசில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இல்லைங்க. அவங்க கை எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா தூக்கவே விட்டிருக்க மாட்டேன். எனக்கு நிஜமாவே முடியல. அவ்வளவுதான்.”

உனக்காகத்தான் தோற்றேன் என்று அவர் பெருந்தன்மை காட்டியிருந்தால், அந்த நிமிஷமே கிரேன் அவரை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டிருப்பாள். தன்னைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் அவளுக்குத் தேவைப்படவில்லை. அவள் பலத்துக்குத் தலையாட்டவும் வேண்டாம். முடியவில்லை என்ற சொல் சாதாரணமாகப் புழங்குகிற ஒரு இடம் அவளுக்கு வேண்டியிருந்தது, அந்த இடம் இந்த மனிதர் நிற்கிற இடம். இத்தனை நாள் கிடைக்காத பதில் அவ்வளவுதான்.

“அப்பா, நான் பந்தயத்துல தோத்துட்டேன்” என்றாள். “ஆனா கண்ணாடிக்கடைக்காரரைக் கட்டிக்க மாட்டேன். அப்படி ஒரு வாக்குக் குடுத்தது என் தப்பு. அவர்கிட்ட நானே போய் மன்னிப்புக் கேக்கிறேன், பாவம் நல்ல மனுஷன். இவர்கிட்ட அப்படி என்னத்தக் கண்டேன்னு கேட்டீங்களே? இப்பச் சொல்றேன்.” வீங்காத கையால் அலமாரிக்கு அப்பால் சுட்டிக் காட்டினாள். “இந்த வீட்டுல, இத்தனை பேர் முன்னாடி, பொண்ணு கேட்டு வந்த இடத்துல, என்னால முடியலன்னு சத்தமா சொல்றாரு. தப்பிக்க வழி குடுத்தும் மறுபடி அதையே சொல்றாரு. உங்க யாருக்காவது அந்த தில் இருக்கா?”

பெரியண்ணன் தன் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டான். அப்பா படியில் உட்கார்ந்தபடியே மகளை நிமிர்ந்து பார்த்தார். தன் எடைக்கணக்கில் அகப்படாமல் இவ்வளவு உயரமாக இவள் எப்போது வளர்ந்தாள் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

“இல்லம்மா” என்றார். “எனக்கு இல்ல.”

தன்னிடம் ஒன்று இல்லை என்று அவர் சொல்லி அவள் கேட்டதே கிடையாது. அப்பாவை நினைத்து அவளுக்கு அப்போது வந்த பெருமை, அவர் தூக்கிய எந்தப் பாரத்துக்காகவும் அதுவரை வந்ததில்லை.